அறுபத்தைந்து கதிரும் ஒரு குண்டுக் கரடியும்

அத்தியாயம் ஆறு

கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறவனை நான் நம்புவதில்லை. கேட்ட பிறகு சொல்கிறவனையும் நம்புவதில்லைதான். இருந்தாலும் முன்னவனைத்தான் முதலில் பிடிப்பேன்.

மின்னல் பேண்டின் பொருளாளர் பெயர் இப்போரே. அவர் முதல் வகை. நானும் லியோகாதியாவும் ஒத்திகைக் கூடத்துக்குள் நுழைந்து தொப்பியைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“நேத்து டூபா காணாமப் போனப்போ நான் சந்தையில இருந்தேன், பெரியவரே. பேண்டு விருந்துக்குச் சோளக்கதிர் வாங்கினேன். நூத்திப்பத்து பொலிவியானோ. அறுபத்தஞ்சு கதிர். மூட்டையோட வண்டி கூடவேதான் வந்தேன். அதோ மூட்டை. எண்ணிப் பாத்துக்குங்க.”

“நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே.”

“கேப்பீங்கல்ல?”

என் பக்கத்தில் லியோகாதியா மெதுவாகச் சொன்னாள்: “அத்தான், கேள்வி மிச்சம். வாங்க, போய்க் கஞ்சி குடிக்கலாம்.”

லியோகாதியா என் மனைவி குமெர்சிந்தாவின் தங்கை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் துப்பறியப் போகும்போதெல்லாம் என் மனைவி அவளைக் கூட அனுப்புவாள். உதவிக்கு என்று சொல்வாள். வேவுக்கு என்று எனக்குத் தெரியும். நானோ ரயில்வேயில் மூட்டை சோதிக்கும் காவலனாக இருந்து கிழவன் ஆனவன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அல்லது நான் அதை விட்டேன். யார் முதலில் விட்டது என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது.

கூடத்து மூலையில், திருவிழா வேஷங்கள் குவிந்த ஒரு பெஞ்சில், அறுந்த கயிறு மாதிரி உட்கார்ந்திருந்தான் இலாரியோன். டூபாக்காரன். என்னை வரச் சொன்னவன் அவன்தான். டூபா என்றால் ஊதுகிறவனையே சுற்றிக்கொள்ளும் பெரிய பித்தளை ஊதுகுழல். வாய் மட்டும் அண்டா அகலம். பேண்டுக்கு அடிவயிறு அதுதான். சனிக்கிழமை திருவிழா ஊர்வலம். எங்கள் ஒருரோ ஊரில் அந்த ஊர்வலத்தில் ஊதாதவன் உயிரோடு இருப்பதும் இல்லாததும் ஒன்று. இலாரியோனே பேண்டுடைய டூபாவை விற்றுத் தின்றுவிட்டான் என்று இப்போரே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். இன்று மதிய விருந்து முடிந்ததும் கூட்டம். அதில் அவன் பெயரை அடித்துவிடுவார்கள்.

“என்னடா நடந்துச்சு? சுருக்கமா சொல்லு. நீ அழறதுக்கு எனக்கு நேரமில்ல” என்றேன்.

“டூபாவை இங்கதான் நிமித்தி வெச்சேன், தாத்தா. கூடத்துல ஒருத்தரும் இல்ல. எதிர்க் கடையில சூடா ஊதாச் சோளக் கஞ்சி குடிக்கப் போனேன். ரெண்டாவது டம்ளரும் குடிச்சேன்...”

“அது குத்தம்தான். அப்புறம்?”

“திரும்பி வந்தேன். வாசல்ல ஒரு கரடி எதுக்க வந்துச்சு. கதவைப் பிடிச்சுக்கிட்டு வழி விட்டேன். உள்ள வந்து பாத்தா டூபா இல்ல.”

“கரடியா?” என்றாள் லியோகாதியா.

“வேஷக் கரடிதான், டீச்சர். நல்ல குண்டு. வழி விட்டதுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லல.”

திருவிழா வாரத்தில் எங்கள் ஊரில் கரடியைப் பார்த்தேன் என்பது மழையில் குடையைப் பார்த்தேன் என்பது போல. நான் கரடியை விட்டுவிட்டேன். மனிதனைப் பிடிக்கத்தான் வந்திருந்தேன்.

சுவரில் ஒரு பலகை தொங்கியது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘பேண்டு காசில் வாங்கும் பொருளுக்குக் கிடைக்கும் கொசுறும் பேண்டுக்கே சொந்தம். கொசுறை எடுத்தவர் நீக்கப்படுவார். – பொருளாளர்.’

“போன வருஷம் நான் கொண்டு வந்த விதி” என்றார் இப்போரே பெருமையாக. “கொசுறா வந்த ஒரு ஆரஞ்சைத் தின்னுட்டான் முரசு அடிக்கிறவன். அன்னிக்கே வெளிய அனுப்பினேன். விதின்னா விதி.”

“ஆரஞ்சுக்கு முரசா?” என்றாள் லியோகாதியா. “தர்பூசணியா இருந்திருந்தா பேண்டையே கலைச்சிருப்பீங்க.”

நான் மூட்டையை அவிழ்த்து எண்ணினேன். அறுபத்தைந்து. நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினேன். அப்போதும் அறுபத்தைந்து.

“கதிர் என்ன விலை?”

“முதல் இருபத்தஞ்சு கதிர், ஒண்ணு ரெண்டு பொலிவியானோ. அதுக்கு மேல வாங்கினா ஒண்ணரை. சோளக்காரி நிக்கோலாசா கடையில பெருசா எழுதித் தொங்க விட்டிருக்கா.”

நான் சுவரோரமாகப் போய் விரல்களை விரித்தேன். நிறைய வாங்கினால் ஒன்றரை. ஒன்றரை என்றால் இரண்டு கதிருக்கு மூன்று. நூற்றுப்பத்தில் முப்பத்தாறு மூன்று. முப்பத்தாறு ஜோடி எழுபத்திரண்டு. மிச்சம் இரண்டு பொலிவியானோ. அதற்கு ஒரு கதிரும், இன்னொரு கதிரில் மூன்றில் ஒரு பங்கும்.

எனக்கு ரத்தம் சூடேறியது.

“எழுபத்துமூணு கதிரும் மூணுல ஒரு பங்கும் வரணும்!” என்று கத்தினேன். பேண்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள். “மூட்டையில அறுபத்தஞ்சுதான் இருக்கு. மிச்சம் எட்டு கதிரும் அந்த மூணுல ஒரு பங்கும் எங்கய்யா? கதிரைத் திருடினவன்தான் டூபாவையும் திருடினவன்!”

இப்போரே முகம் ஒரு கணம் வெளுத்தது. நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். ஆனால் அதற்குள் லியோகாதியா என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

“அத்தான். கொஞ்சம் அசிங்கப்படுங்க, நான் கணக்கு சொல்றேன்.”

“என்ன?”

“ஒண்ணரை விலை எல்லாக் கதிருக்கும் கிடையாது. இருபத்தஞ்சுக்கு மேல இருக்கறதுக்கு மட்டும்தான். முதல் இருபத்தஞ்சு எப்பவும் ரெண்டுதான். படிக்கட்டு மாதிரி. மேல் படியில ஏறினா கீழ்ப்படி காணாமப் போயிடாது.”

“அப்படின்னு யாரு சொன்னா?”

“மொத்தக் கதிரை எக்ஸ்னு வெச்சுக்குங்க.”

“யாரு அந்த எக்ஸ்? எந்தத் தெரு?”

“அவன் யாருன்னு தெரியாததாலதான் எக்ஸ்.”

“தெரியாதவனை எதுக்கு நடுவுல கொண்டு வர்றே? அவனை முதல்ல பிடிக்கச் சொல்லு!”

“அதைத்தான் பண்ணப் போறேன்” என்று அவள் ஒரு சோளக்கதிரை எடுத்து, அதன் காம்பால் புழுதித் தரையில் எழுதினாள்.

50 + 1.5 (x − 25) = 110

“முதல் இருபத்தஞ்சுக்கு அம்பது போச்சு. நூத்திப்பத்துல அம்பதைக் கழிச்சா அறுபது. அறுபதை ஒண்ணரையால வகுத்தா நாப்பது. அந்த நாப்பதோட முதல் இருபத்தஞ்சைக் கூட்டுங்க.”

கூட்டினேன். விரல் போதவில்லை. இலாரியோன் தன் கையைக் கொடுத்து உதவினான்.

அறுபத்தைந்து.

“பிடிபட்டுட்டான் எக்ஸ்” என்றாள். “மூட்டைக்குள்ளதான் இருந்தான். எல்லாம் சரி. அப்புறம், அத்தான், அந்த மூணுல ஒரு பங்குக் கதிரை எந்தக் கடைக்காரி ஒடிச்சுக் குடுப்பா?”

பேண்டுக்காரர்கள் சிரித்தார்கள். இலாரியோன்கூடச் சிரித்துவிட்டு, தன் நிலைமை ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டான். இப்போரே மட்டும் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

“என்னைத் திருடன்னு சொல்லிட்டீங்க, பெரியவரே. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும். அதோட, உங்க ஆளு பேரை அடிக்கிறப்போ வாயைத் திறக்கக் கூடாது.”

கணக்கு தரையில் கிடந்தது. அதை மிதிக்காமல் தாண்டி வெளியே வந்தேன்.

*

தெருவில் இறங்கியதும் மாடியிலிருந்து எவனோ திருவிழா வழக்கப்படி தண்ணீர் பலூன் எறிந்தான். லியோகாதியா மழைக்கோட்டோடு ஒதுங்கிக்கொண்டாள். எனக்குக் காதுக்குள் போனது.

“நல்லா இருக்கு” என்றேன். “ஊரே என்னைக் குளிப்பாட்டட்டும்.”

“கோவப்படாதீங்க. தப்பான கணக்கை இவ்வளவு சத்தமா சொன்ன ஒரே ஆளு நீங்கதான். பள்ளிக்கூடத்துல எல்லாரும் மெதுவாத்தான் சொல்லுவாங்க.”

“அந்த விலைப் பலகையை என் கண்ணால பாக்கணும். விலையே பொய்யா இருந்தா?”

சந்தைக்குப் போனோம். நிக்கோலாசா கடையில் பலகை தொங்கியது. விலை பொய் இல்லை. இருபத்தைந்து வரை இரண்டு, அதற்கு மேல் ஒன்றரை. இப்போரே சொன்னது அட்சரம் பிசகவில்லை. இனி மன்னிப்புதான் பாக்கி. நான் மன்னிப்புக் கேட்டு நீண்ட காலம் ஆகிறது. எந்தப் பக்கம் குனிவது என்பதுகூட மறந்துவிட்டது. அது போகட்டும். இலாரியோன் சனிக்கிழமை எங்கே நிற்பான்? ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கிற கூட்டத்திலா?

நிக்கோலாசா பெரிய பாவாடையைப் பரப்பி, கதிர் மலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன வேணும், தாத்தா? கதிரா, சண்டையா? மூஞ்சியைப் பாத்தா சண்டை மாதிரி இருக்கு.”

“கதிர்தான்” என்றாள் லியோகாதியா. “நாலு குடு, அக்கா. எங்க அக்கா சமையல்ல போடுவா. அழுது வடிஞ்சுக்கிட்டு வெறுங்கையோட போனா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது.”

நாலு கதிர் பைக்குள் விழுந்தது. காசு கைமாறியது. லியோகாதியா பையை விரித்தபடியே நின்றாள். எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும், காசு கொடுத்த பிறகுதான் வியாபாரமே ஆரம்பிக்கிறது.

“யாப்பா போடு, அக்கா.”

யாப்பா என்றால் கொசுறு. நிக்கோலாசா பார்க்காமலே இன்னொரு கதிரை எடுத்துப் பையில் எறிந்தாள். அது விழுந்த சத்தத்தில் லியோகாதியா அப்படியே நின்றுவிட்டாள். பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“அத்தான். அறுபத்தஞ்சு.”

“சரின்னு நீதானே நிரூபிச்சே? இப்ப எதுக்கு மறுபடியும் குத்துறே?”

“சரிதான். சரியா இருக்கறதுதான் தப்பு. காசுக்கு அறுபத்தஞ்சு. மூட்டையிலயும் அறுபத்தஞ்சு. நாலு கதிருக்கே ஒண்ணு கொசுறு. அவரோட கொசுறு எங்க?”

சந்தை இரைச்சல் எல்லாம் ஒரு நொடி நின்றது போல இருந்தது. ஒருவேளை காதில் பலூன் தண்ணீர் இருந்ததால் இருக்கலாம்.

“நேத்து பேண்டுக்காரர் ஒருத்தர் அறுபத்தஞ்சு கதிர் வாங்கினாரா?” என்று கேட்டேன்.

“அந்த இப்போரேவா!” நிக்கோலாசா கையிலிருந்த கதிரைத் தொப்பென்று போட்டாள். “வாங்கினானா? உயிரை வாங்கினான்! மூட்டையைக் கட்டி, கைவண்டிக்காரன்கிட்ட குடுத்தாச்சு. வண்டிக்காரன் இன்னும் ரெண்டு கடையில சரக்கு ஏத்திக்கிட்டு வர்றேன்னு போயிட்டான். இவன் போகல. ‘யாப்பா’ங்கிறான். போட்டேன். மறுபடியும் ‘யாப்பா’ங்கிறான். மறுபடியும் போட்டேன். கோட்டுக்குள்ள சொருகிக்கிட்டே ‘யாப்பா, யாப்பா’ங்கிறான். எனக்கு யப்பான்னு ஆயிடுச்சு!”

“மொத்தம் எத்தனை குடுத்தே?”

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “எண்ணிக் குடுத்தா அதுக்குப் பேரு கொசுறா, தாத்தா? கடைசியில புழு விழுந்த ஒரு நுனியை ஒடிச்சு மூஞ்சி மேல விட்டெறிஞ்சேன், போய்த் தொலைன்னு. அதையும் கேட்ச் பிடிச்சுக் கோட்டுல போட்டுக்கிட்டுப் போனான், நிறைமாசக்காரி மாதிரி.”

“வண்டிக்கு முன்னாடியே போனாரா?”

“வண்டியோட போயிருந்தா, ஏத்துக்கூலிக்கும் பேரம் பேசியிருப்பானே!”

லியோகாதியா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அவள் கண் பளபளத்தது. விடைத்தாளில் காப்பி அடித்தவனைக் கண்டுபிடிக்கும்போது அப்படித்தான் பளபளக்கும் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

“வண்டி கூடவே வந்தேன்னாரு, பொய். முன்னாடியே கூடத்துக்கு வந்திருக்காரு, கோட்டு நிறையக் கொசுறோட. பேண்டு காசு, பேண்டு கொசுறு. ஒரு ஆரஞ்சுக்கு ஒருத்தனை விரட்டினவர். அப்போ வெளிய யாரோ வர்ற சத்தம் கேக்குது. எங்க ஒளிக்கிறது? அந்தக் கூடத்துல வாயைப் பெருசாத் திறந்துக்கிட்டு இருந்தது என்ன, அத்தான்?”

“பேண்டு மாஸ்டர்.”

“அவரைத் தவிர!”

நான் யோசித்தேன். அப்புறம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

“அடப்பாவி! டூபா!”

“உள்ள போட்டாரு. சறுக்கிக்கிட்டுப் போய் அடைச்சுக்கிச்சு. கை எட்டல. இலாரியோன் வந்து ஊதினா எல்லாம் வெளிய வந்துரும். சுவத்துல ஆணியடிச்சு மாட்டின விதி அவர் தலையிலயே விழும். அதனால...”

“டூபாவையே தூக்கிட்டான். அங்க குவிஞ்சு கிடந்த கரடித் தோலுக்குள்ள வெச்சு!”

“இலாரியோன் கதவைப் பிடிச்சு வழி விட்டான்” என்றாள் லியோகாதியா. “நல்ல பையன். அவனை மாதிரி நாலு பேர் இருந்தா ஊர்ல திருடங்களுக்குக் கஷ்டமே இருக்காது.”

இனி ஒரே கேள்விதான். தொண்டையில் சோளம் அடைத்த டூபாவைக் கரடி எங்கே கொண்டுபோகும்? வாத்தியம் பழுது பார்க்கிற கடைகளில் இந்த வாரம் ஊர் பேண்டுகள் எல்லாம் வரிசையில் நிற்கும். யாராவது டூபாவை அடையாளம் கண்டுகொள்வார்கள். நான் அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். லியோகாதியா எதிர்ப் பக்கம் நடந்தாள்.

“எங்கடி போறே?”

“தொண்டையில அடைச்சா டாக்டர். குழாயில அடைச்சா?”

*

குழாய் ரிப்பேர்க்காரன் தெமெத்ரியோ தன் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டில் பாலாடைக்கட்டித் துண்டு. மேஜைக்கு அடியில் பழைய கோணி மூடிய பெரிய உருண்டை ஒன்று. கோணியின் ஓரத்தில் பித்தளை மின்னியது.

“தெமெத்ரியோ,” என்றேன், “அது என்ன?”

“சமையலறைக் குழாய்.”

“யாரோட சமையலறை? அரக்கனோடதா?”

லியோகாதியா கோணியை உருவினாள். டூபா. நசுங்காமல், கீறாமல், மூச்சு மட்டும் இல்லாமல்.

தெமெத்ரியோ எழுந்து நின்றான். “எனக்கு ஒண்ணும் தெரியாது, தாத்தா. நேத்து ஒரு கரடி கொண்டு வந்து குடுத்துச்சு.”

“கரடி பேசிச்சா?”

“பேசிச்சு. பேரமும் பேசிச்சு. பாதிக்குப் பாதி குறைச்சிருச்சு.”

“முகத்தைப் பாத்தியா?”

“முகமூடியைக் கழட்டவே இல்ல. காசைக்கூட பாதத்தாலதான் எண்ணிச்சு. உள்ள இருக்கிற கதிரையெல்லாம் பத்திரமா எடுத்து வை, சனிக்கிழமை கழிச்சு வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லிச்சு.”

“கதிரையும் திருப்பிக் கேட்டுச்சா?” லியோகாதியா பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். “அத்தான், எனக்குச் சந்தேகமே இல்ல. இது அவரேதான்.”

“கதிர் எங்கடா?”

தெமெத்ரியோ தட்டைப் பார்த்தான். நானும் பார்த்தேன். தட்டோரத்தில் மணி எல்லாம் கடித்துத் தின்ற தக்கைகள் அடுக்கி இருந்தன. அவன் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

“டேய்! சாட்சியைத் தின்னுட்டியேடா!”

“பச்சையா வெச்சா கெட்டுப்போயிடும், தாத்தா. வேக வெச்சா பத்திரமா இருக்கும்னு நெனச்சேன். வேக வெச்சப்புறம் மனசு கேக்கல.”

நான் தக்கைகளை எண்ணினேன். நிறுத்தினேன். மறுபடி எண்ணினேன். எண்ணி முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு லியோகாதியாவைப் பார்த்தேன்.

“எத்தனை?” என்றாள்.

“நீயே எண்ணு.”

எண்ணினாள். அவள் முகம் எலுமிச்சம்பழம் கடித்தது போல ஆனது.

எட்டு.

“நான் என்ன சொன்னேன்?” என்றேன். “எட்டு கதிர் காணோம்னு சொன்னேனா இல்லையா?”

“அது தற்செயல்! உங்க கணக்குத் தப்பு. எல்லாக் கதிரையும் ஒண்ணரைன்னு போட்டு வந்த எட்டு அது. நிக்கோலாசா சலிச்சுப்போய் அள்ளிப் போட்டது எட்டு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது!”

“எட்டு எட்டுதான்.”

“சரி. நீங்க எட்டும் மூணுல ஒரு பங்கும்னு சொன்னீங்க. அந்த மூணுல ஒரு பங்கு எங்க?”

தெமெத்ரியோவைப் பார்த்தேன். எட்டுக்கு மேல் ஒரு மணிகூட வரவில்லை என்று அவன் தன் தாய் மேல் சத்தியம் செய்தான். நான் நம்பவில்லை. ஆனால் விருந்து முடிகிற நேரம் ஆகிவிட்டது. டூபாவை நான் தோளில் மாட்டிக்கொண்டேன். தக்கைகளை லியோகாதியா கைக்குட்டையில் கட்டிக்கொண்டாள். தெமெத்ரியோ வர மாட்டேன் என்றான். கரடிக்குப் பயமாம்.

*

கூடத்துக்குள் நுழைந்தபோது விருந்துத் தட்டுகள் காலி. இப்போரே எழுந்து நின்று படித்துக்கொண்டிருந்தார்: “...ஆகையால், இலாரியோனின் பெயரைப் பேண்டிலிருந்து...”

அதற்கு மேல் படிக்கவில்லை. டூபா முதலில் நுழைந்தது, அப்புறம் நான். முப்பது பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இலாரியோன் ஓடி வந்து பித்தளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். என்னையும் சேர்த்துத்தான், நான் டூபாவுக்குள் மாட்டியிருந்தேன்.

இப்போரே ஒரு நொடி தடுமாறினார். ஆள் கெட்டிக்காரர், உடனே திரும்பிவிட்டார்.

“பாத்தீங்களா? இவன் வித்த இடத்துலேருந்து பெரியவர் மீட்டுக்கிட்டு வந்துட்டாரு! இதை விட என்ன ருசு வேணும்? அடிச்சிரலாமா பேரை?”

பேண்டு மாஸ்டர் தலையாட்டினார். சில பேர் ‘அடி, அடி’ என்றார்கள். நான் கொண்டு வந்த டூபாவே இலாரியோன் கழுத்துக்குக் கயிறாகிவிடும் போலிருந்தது.

“வித்த இடம் இல்ல. குழாய் ரிப்பேர்க் கடை” என்று சொல்லி, லியோகாதியாவிடமிருந்து கைக்குட்டையை வாங்கி மேஜையில் அவிழ்த்தேன். எட்டுத் தக்கைகள் உருண்டன. “டூபாவுக்குள்ள இருந்தது. கொண்டு வந்தது ஒரு கரடி. கொசுறுக் கதிரை இதுக்குள்ள ஒளிச்சு வெச்ச கரடி.”

“அப்படியா!” இப்போரே சிரித்தார். “ஊர்ல யாரு வேணா சோளம் தின்னலாம். இந்த வாரம் யாரு வேணா கரடியாகலாம். கரடி மூஞ்சியை யாராவது பாத்தாங்களா?”

பார்க்கவில்லை. அதுதான் நிலைமை. நிக்கோலாசாவைக் கூட்டி வந்தாலும், ‘கொசுறு வாங்கினேன், வழியில பிச்சைக்காரனுக்குக் குடுத்தேன்’ என்பார். வண்டியோடு வரவில்லையே என்றால், நேரம் மறந்து சொன்னேன் என்பார். மூட்டை சோதிக்கிற காலத்தில் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பையில் கோழி கத்தும். கோழி என்னோடது, சத்தம் என்னோடது இல்லை என்பார்கள்.

“மன்னிப்பு, பெரியவரே” என்றார் இப்போரே. “காத்துக்கிட்டு இருக்கோம்.”

நான் தொப்பியைக் கழற்றினேன். எந்தப் பக்கம் குனிவது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது லியோகாதியா சொன்னாள்:

“மன்னிப்பு எங்க ஓடிரப் போகுது? இலாரியோன், பேரை அடிக்கிறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை ஊதிக்கப்பா.”

இலாரியோன் டூபாவைத் தோளில் ஏற்றி, கண்ணை மூடி ஊதினான். சளி பிடித்த எருமை மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவன் கண்ணைத் திறந்தான்.

“உள்ள இன்னும் என்னமோ இருக்கு, டீச்சர்.”

“அப்ப நல்லா ஊது! இத்தனை வருஷமா ஊதினதையெல்லாம் சேர்த்து வெச்சு ஊது!”

அவன் மூச்சை இழுத்தான். கூடத்தில் இருந்த காற்றெல்லாம் அவனுக்குள் போனது போலிருந்தது. கன்னம் இரண்டும் உப்பி, முகம் ஊதாச் சோளக் கஞ்சி நிறத்துக்கு வந்தது. ஊதினான்.

‘பொக்!’

எதுவோ டூபா வாயிலிருந்து பீரங்கிக் குண்டு மாதிரிப் பறந்தது. பெரிய முரசில் டம் என்று பட்டு, இப்போரே நெற்றியில் மோதி, பெஞ்சுகளுக்கு அடியில் இருட்டில் உருண்டு மறைந்தது. என்ன ஏது என்று யார் கண்ணிலும் படவில்லை.

“சே! சே!” இப்போரே நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கத்தினார். “அந்தப் புழு விழுந்த நுனி!”

கூடம் அமைதியானது. அந்த அமைதியில் டூபா மட்டும் ‘பூம்ம்’ என்று அழகாக, ஆழமாக, முழுசாக ஒலித்து அடங்கியது.

நான் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டேன்.

“எந்தப் புழு, இப்போரே?” என்றேன். “பறந்தது என்னன்னு நானே பாக்கலையே. பெஞ்சுக்கடியில கிடக்கு. புழு இருக்கா இல்லையான்னு நிக்கோலாசாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், என் மச்சினிக்குத் தெரியும். அப்புறம் கரடிக்குத் தெரியும். மறுபடியும் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டியே, ஐயா.”

பேண்டு மாஸ்டர் குனிந்து, பெஞ்சுக்கடியில் கையை விட்டு எடுத்தார். ஒடித்த சோள நுனி. ஓட்டைக்குள்ளிருந்து ஒரு புழு தலையை நீட்டி எல்லாரையும் பார்த்தது. அன்று அந்தக் கூடத்தில் ஒன்றும் தெரியாத அப்பாவி அது ஒன்றுதான்.

இப்போரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “திருவிழா முடிஞ்சதும் டூபாவை எங்கயாவது வெச்சுட்டுப் போயிடலாம்னு நெனச்சேன்” என்றார் சின்னக் குரலில். “கதிரை மட்டும்தான் எடுத்துக்கலாம்னு...”

இலாரியோன் சுவர்ப் பலகைக்கு முன்னால் போய் நின்றான். உரக்கப் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தி, இப்போரேயைப் பார்த்தான். கோபமாகப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவனுக்கு அது வராது.

“நீக்க வேண்டாம், மாஸ்டர்” என்றான். “சனிக்கிழமை முழுக்க எனக்கு முன்னாடி கரடியா ஆடிக்கிட்டு வரட்டும். முகமூடியைக் கழட்டக் கூடாது. அப்புறம் அந்த முரசுக்காரனைத் திருப்பிக் கூப்பிடுங்க.”

எல்லாரும் கைதட்டினார்கள். இலாரியோன் பெயர் அடிபடாமல் அங்கேயே இருந்தது. அவன் டூபாவை மறுபடி தோளில் ஏற்றினான். பேண்டு அவன் பின்னால் தானாகவே சேர்ந்துகொண்டது. கண்ணாடி ஜன்னல் எல்லாம் அதிர்ந்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் லியோகாதியா அந்த நுனியை வாங்கி, சந்தைப் பையிலிருந்த ஒரு முழுக் கதிரின் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தாள். மேல் பக்கம் ஒரு தடவை, கீழ்ப் பக்கம் ஒரு தடவை. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே பதில் வரும் என்று தெரியும்.

“மூணுல ஒரு பங்கு” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“எட்டும் மூணுல ஒரு பங்கும்!”

“கணக்குத் தப்பு, அத்தான். வழி தப்பா இருந்தா, விடை சரியா இருந்தாலும் நான் மார்க் போட மாட்டேன்.”

“மார்க்கா வேண்டாம்டி,” என்றேன், பையை விரித்துப் பிடித்துக்கொண்டு. “கொசுறாப் போடு.”